கட்டாரியின் நாவல்பழப் பொட்டு

ஏரிக்கரைக் காட்டை ஒட்டிய தோப்பு வீட்டில் மிளகி என்ற பூனையும் கட்டாரி என்ற நாயும் வளர்ந்தார்கள். மிளகிக்குக் கடுகு என்று ஒரே ஒரு குட்டி. தூக்கம் வந்தால் அது தாயிடம் போகாது. கட்டாரியின் வயிற்றுச் சூட்டில்தான் சுருண்டுகொள்ளும்.

வருடத்துக்கு ஒருமுறை, நாவல் பழுக்கும் பருவத்தில், காட்டிலிருந்து டாக்டர் முள்ளம்பன்றி வருவார். வெறிநோய் வராமலிருக்க, அந்தப் பக்கத்து வீட்டு நாய்களுக்கும் பூனைகளுக்கும் தடுப்பூசி போடுவார். ஊசிக்கு அவர் எங்கும் அலைய வேண்டியதில்லை, முதுகு நிறைய இருந்தது. போட்டு முடித்ததும் நெற்றியில் நாவல்பழச் சாற்றால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் ஊசி போட்டாயிற்று என்று அர்த்தம். வீட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. கேட்டதும் இல்லை.

அந்த வருடம் மிளகி வெயிலில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டாள். கடுகைத் தூக்கிப் பார்த்த டாக்டர், இது பிஞ்சு, இன்னும் ஒரு மாதம் போகட்டும், அப்போது நானே வந்து போடுகிறேன் என்றார். அதுவரை இதன் பக்கத்தில் இருப்பவர்கள் ஊசி போட்டிருப்பதுதான் இதற்குக் காவல் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால், கட்டாரி நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தான். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று பக்கத்துத் தோப்பு நாய்களிடம் அளந்துகொண்டிருந்தான். வரிசையில் அவனைப் பார்த்த ஞாபகம் மிளகிக்கு இல்லை. உற்றுப் பார்த்தாள். பொட்டின் நடுவில் நாவல்பழத் தோல் ஒட்டியிருந்தது.

நாய்கள் போனதும் கேட்டாள். "அண்ணே, எங்களுக்கெல்லாம் டாக்டர் சாறு மட்டும்தான் வச்சாரு. உனக்கு மட்டும் தோலோட வச்சாரா?"

பாம்பைக் கண்டாலும் பதுங்காதவன் கட்டாரி. ஊசியைக் கண்டால்தான் ஓட்டம் பிடிப்பான். மரத்தடியில் கிடந்த பழத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஊரே போட்டுக்கிச்சு. நான் ஒருத்தன் போடாம விட்டா என்ன ஆயிடும்?"

"ஊர்ல எல்லாரும் இதையே சொன்னா?"

"சொல்லலையே. அதான் நீங்கள்லாம் வரிசையில நின்னீங்களே."

மிளகிக்கு மீசை துடித்தது. வெயிலில் காய்ந்தவள் அவள், தொடை வலிப்பதும் அவளுக்கு. பெருமை மட்டும் அவனுக்கா? பால் கறக்கும் நேரம்வரை விடாமல் வாதாடினாள். டாக்டர் இன்னும் மூன்று நாள் நாவல் மரத்தடியில்தான் இருப்பார், இப்போதுகூடப் போகலாம் என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றான் கட்டாரி. மறுநாளும் அதையே சொன்னான்.

மூன்றாம் நாள் காலையில் காட்டிலிருந்து ஒரு நரி தள்ளாடிக்கொண்டு வந்தது. வாயில் நுரை. ஏரியோரம் கடுகு தும்பி பிடித்துக்கொண்டிருந்தது. நரி அதன்மேல் பாய்ந்தது. கட்டாரி ஒரே தாவலில் குறுக்கே விழுந்தான். நரி அவன் முன்னங்காலைக் கடித்தது. அவன் நெற்றியில் இருந்த பொட்டை அது பார்க்கவே இல்லை. மற்ற நாய்கள் கூடிக் குரைத்ததும் காட்டுக்குள் ஓடிவிட்டது.

எல்லோரும் கட்டாரியைப் புகழ்ந்தார்கள். பொட்டு வைத்தவனுக்குக் கடி ஒரு பொருட்டா என்றார்கள். கடுகு வழக்கம்போல அவன் வயிற்றோரம் சுருண்டுகொள்ளப் போனது. மிளகி அதைக் கழுத்தில் கவ்வி இழுத்துத் தூர விட்டாள்.

"என் குட்டியைக் காப்பாத்தினே. அதை மறக்க மாட்டேன். ஆனா இப்ப அதை உன்கிட்டேயிருந்து நான் காப்பாத்தணும். ஊசி போட்டவங்களே கடிபட்டா டாக்டர்கிட்ட ஓடணும். நீ போடாதவன். நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"எல்லாரும் சிரிப்பாங்க, மிளகி."

"சிரிக்கட்டும். அதைக் கேக்க நீ உசிரோட இருக்கணுமில்ல?"

கட்டாரி கடுகைப் பார்த்தான். அது அவனிடம் வரத் திமிறிக்கொண்டிருந்தது. நொண்டிக்கொண்டே ஏரிக்குப் போய்த் தலையை முக்கி, நெற்றியைக் கல்லில் தேய்த்தான். பொட்டு போய்விட்டது. ஊசிக்குப் பயந்துதான் இப்படிச் செய்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து இரண்டு நாய்கள் மெதுவாக ஏரிப் பக்கம் போய்த் தங்கள் நெற்றியையும் கழுவிக்கொண்டன.

நாவல் மரத்தடியில் டாக்டர் பூந்திக்கொட்டை நுரையால் காயத்தை வெகுநேரம் கழுவினார்.

"அன்னிக்கே வந்திருந்தா ஒண்ணு ரெண்டோட போயிருக்கும். இப்ப ஒரு மாசத்துக்குள்ள அஞ்சு," என்று முதல் முள்ளைப் பிடுங்கினார்.

ஐந்து ஊசிக்கும் கட்டாரி ஐந்து விதமாக ஊளையிட்டான். ஆறு மாதம் தோப்பின் கடைசி மூலையில் தனியாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். இருந்தான். கட்டாரிக்கு ஐந்தாவது ஊசி போட வந்தபோதே அவர் கடுகுக்கும் போட்டுவிட்டார். கடுகு கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

நோய் கட்டாரியைத் தொடவில்லை. அவன் திரும்பி வந்த அன்று கடுகு ஓடிப்போய் அவன் வயிற்றில் சுருண்டது. ஆறு மாதத்தில் வளர்ந்துவிட்டதால் பாதி உடம்புதான் அங்கே அடங்கியது. மீதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மிளகி இந்த முறை அதைக் கவ்வி இழுக்கவில்லை.

ஊசி போட்டதுபோலக் காட்டி ஊரை ஏமாற்றலாம், நோயை ஏமாற்ற முடியாது.