வெத்தலைக்குள்ள சொன்ன பேரு

ஒரு ஊர்ல ஒரு அத்தை இருந்தா. மலைமேல ஊரு. அத்தை ஆட்டோ ஓட்டுவா, மஞ்சள் ஆட்டோ. டுர்ர்ர்ர்னு அவ வளைவு ஏறினா எதுக்க வர்ற பஸ்ஸே ஒதுங்கி நிக்கும். எங்க, ம் கொட்டு.

"ம். உங்க ஆட்டோ மாதிரியா அத்தை?"

குறுக்க பேசினா வண்டி நின்னுடும். காலை நீட்டிப் படு.

அந்த அத்தைக்கு ஒரே ஒரு தம்பி. அவன் ஜப்பான்ல வேலைக்குப் போயிட்டான். அங்க அவனுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. பேரு வைக்கணும்ல? நம்ம வீட்டு வழக்கத்துல அத்தைதான் வைக்கணும். வெத்தலையால காதை மறைச்சு, ரகசியம் மாதிரி மூணு தடவை பேரைச் சொல்லணும். அத்தைக்கு அதுல அப்படி ஒரு ஆசை. ஆனா ஜப்பானுக்கு ஆட்டோ போகாதே.

அப்போ தம்பி சொன்னான், "அக்கா, நீ வீடியோ கால்ல வந்து சொல்லு. வெள்ளிக்கிழமை, உங்க மணிக்குப் பத்தரைக்குள்ள. அப்புறம் ராகு காலம்."

"வர்றேன். எனக்கு முன்னாடி எவனாவது பேரைச் சொன்னான், அவ்வளவுதான்"னா அத்தை. கொஞ்சம் கோவக்காரி அவ.

"ம்."

வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வச்சு, கையில வெத்தலையோட போன் முன்னாடி உக்காந்தா. தம்பி முகம் வந்துச்சு. "அக்கா"ன்னு வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்னுபோச்சு. நடுவுல ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. வீட்டுல டவர் இல்லை.

அத்தை விடுவாளா? அதே பட்டுப்புடவையோட ஆட்டோவை எடுத்தா. ஒன்பதாவது வளைவுல டவர் கிடைக்கும். ஆனா பின்சீட்டுல, பக்கத்து வீட்டுச் செவந்தியக்கா சந்தைக்குப் போகக் கோழிக்கூடையோட முன்னாடியே ஏறி உக்காந்திருக்கா. இறக்கிவிட நேரம் ஏது? டுர்ர்ர்ர், கொக்கொக்கொக். டுர்ர்ர்ர், கொக்கொக்கொக். அப்படியே போறாங்க ரெண்டு பேரும்.

"கோழி எத்தனை அத்தை?"

நாலு. அதுல ஒண்ணு உன்னை மாதிரி வாய் மூடாது.

ஒன்பதாவது வளைவுல மணி பத்தேகால். டவர் வந்துச்சு, தம்பியும் வந்தான். பாப்பா காதுகிட்ட போனைப் பிடிச்சாங்க. அத்தை என்ன பண்ணினா தெரியுமா? வெத்தலையை எடுத்துத் தன் போன் மேல பொத்துன்னு பொத்தி, அதுக்குள்ள வாயை வச்சுக் கிசுகிசுன்னு பேரைச் சொன்னா.

அங்க புஸ்ஸு புஸ்ஸுன்னுதான் கேக்குது. "அக்கா, ஒரே பச்சையா இருக்கு. காத்துதான் வருது"ங்கிறான் தம்பி. அத்தை இன்னும் அழுத்திப் பொத்துறா. புஸ்ஸ்ஸ்ஸ்.

அப்போ செவந்தியக்கா பின்னாடியிருந்து எட்டிப் பாத்தா. "அடியே, புள்ளயோட காது ஜப்பான்ல இருக்கு. இங்க எதைப் பொத்துற?"

அட ஆமால்ல! இலை அந்தப் பக்கம்ல இருக்கணும். ஆனா ஜப்பான்ல அந்த நேரத்துக்கு வெத்தலைக்கு எங்க போறது? தம்பி பொண்டாட்டி ஓடிப்போய்ப் பிரிட்ஜைத் திறந்தா. ஒரு முட்டைக்கோஸ் இலையைப் பிச்சு எடுத்துட்டு வந்தா. அந்தச் சின்னக் காதை அது குடை மாதிரி மூடிக்கிச்சு.

"ம்ம்... முட்டைக்கோஸ்..."

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

அத்தை முதல் தடவை சொன்னா. பாப்பா கண்ணைத் திறந்துச்சு. ரெண்டாவது தடவை சொன்னா. பாப்பா பொக்கை வாயால சிரிச்சுது. ஆட்டோக்குள்ள அத்தை அழுதுட்டா, சந்தோஷத்துலதான். மூணாவது தடவை சொல்ல மூச்சை இழுக்கிறா, டொய்ங்! போன் செத்துப்போச்சு. அந்த வட்டம் சுத்திச் சுத்தியே சார்ஜ் எல்லாம் தின்னுடுச்சு. மணியும் பத்தரை.

"ம்... அப்புறம்?"

அப்புறம் தம்பி எவ்வளவோ சொன்னான். நாளைக்குச் சொல்லுக்கா, வாய்ஸ் மெசேஜாவது அனுப்புக்கான்னு கெஞ்சினான். இவ கேக்கலை. "ரெண்டு தடவை போன்ல வாங்கிக்கிட்டா. மூணாவதை நேர்ல வந்து வாங்கிக்கட்டும்"னுட்டா. அஞ்சு வருஷம், தினம் போன்ல பாத்தா, பாட்டு பாடினா, சண்டை போட்டா. குட்டின்னா, தங்கம்னா, வாலுன்னா. அந்தப் பேரை மட்டும் சொல்லவே இல்லை.

"..."

ஏய், ம் எங்க? போன்னா டவர் போயிடுச்சுன்னு நினைப்பேன். இப்பதான் மூச்சு கேக்குதே, பக்கத்துலயே.

இன்னிக்குச் சாயங்காலம் அந்தப் புள்ள வந்து இறங்குச்சு. போன்ல ஒல்லியா இருந்தீங்களே அத்தைன்னு கேட்டுச்சு, வாயாடி. அத்தை முந்தானையில ஒரு வெத்தலை முடிஞ்சு வச்சிருந்தா. அதை எடுத்து, இதோ, இப்படிக் காதுல வச்சு...

நித்திலா.

"ம்..."

ஆட்டோ மேல ஏறியாச்சு, கதை இறங்கியாச்சு. தூங்குடி என் மருமவளே.