மூன்று சொல்லில் எது சரி?

ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகுதான் அருமைநாயகம் அந்த மலையடிவார மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவான நித்தியமூர்த்தி சாமி வயதில் அவரைவிட இளையவர். துறவுக்கு முன் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்.

மடத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவதுண்டு. அவர்களை வரவேற்பது அருமைநாயகத்தின் பொறுப்பு. சாதாரண ஆங்கிலம் அவருக்கு வரும். தத்துவம் பேச அது போதாது என்று, அகராதியைப் புரட்டிக் கனமான சொற்களாகப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை குழம்பிய முகத்தோடு சாமியிடம் வந்தார்.

“சாமி, எஃபெமரல், டிரான்சியன்ட், இவனெசன்ட். மூணுக்குமே நிலையில்லாததுன்னுதான் போட்டிருக்கு. என்ன வித்தியாசம்?”

“எதுக்குக் கேக்கறீங்க ஐயா?”

“இப்ப ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாங்க. புருஷன் போன மாசம் இறந்துட்டாராம். வாழ்க்கை எஃபெமரல்னு சொன்னேன். முகத்துல ஒரு தெளிவும் வரலை. டிரான்சியன்ட்னு சொன்னேன். இவனெசன்ட்னுகூடச் சொல்லிப் பார்த்தேன். தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் படியிறங்கிட்டாங்க. எந்தச் சொல் தப்பு?”

“மூணும் சரிதான்.”

அருமைநாயகத்துக்குத் தலை சுற்றியது. “அப்ப ஏன் போனாங்க?”

“அவங்க என்ன கேட்டாங்க?”

“கேட்டாங்களா?”

அவர் யோசித்தார். கணவர், மரணம். அதுவரை காதில் விழுந்தது. அதற்குள் மனம் சொல்லைத் தேடப் போய்விட்டது. அதன் பிறகும் அந்த அம்மாள் ஏதோ சொன்னாள். தூண் பக்கம் கையைக் காட்டினாள். எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள்.

“இங்க கொஞ்ச நேரம்...” குரல் இறங்கியது. “உட்காரலாமான்னு கேட்டாங்க சாமி.”

சாமி எழுந்துபோய்த் தூணருகே ஒரு பாயை விரித்தார்.

அருமைநாயகம் செருப்புகூடப் போடாமல் ஓடினார். தெருமுனையில் அந்த அம்மாள் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. படித்த சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

“கம். சிட்,” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு காலைக் கீழே வைத்து இறங்கினாள்.

உச்சிவேளை வரை அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் அழுதாள். அருமைநாயகம் சற்றுத் தள்ளி, என்ன செய்வதென்று தெரியாமல், வெறுமனே உட்கார்ந்திருந்தார். போகும்போது அவர் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் அகராதியை எடுத்துவந்து சாமியின் முன்னால் வைத்தார்.

“கம், சிட். ரெண்டும் ரயில்வேயிலேயே எனக்குத் தெரிஞ்ச வார்த்தை. அப்ப இதையெல்லாம் எதுக்குப் படிக்கிறேன்? ஒண்ணும் புரியலையே சாமி.”

சாமி அகராதியை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“நாளைக்கு வர்றவங்க இதுல இருக்கிற ஒரு சொல்லால கேக்கலாம் ஐயா. அப்ப உங்க காதுல விழணுமே.”