காத்து இறக்கின சைக்கிள்

ஒரு ஊர்ல ஒரு வளையல்காரம்மா இருந்தா. பேரு சண்முகவடிவு. ம் சொல்லு. நீ ம் சொல்லலேன்னா அத்தை பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுவேன், எனக்கும்தான் தூக்கம் வருது.

"ம்."

ஆங், அப்படி. வடிவு மலையடிவாரத்துல இருந்தா. தெருத்தெருவா சைக்கிள்ல போயி கண்ணாடி வளையல் விப்பா. புருஷன் ஒருத்தர் உண்டு, லாரி ஓட்டப் போனா மாசத்துக்கு ஒருதரம் வருவாரு. அவர் நம்ம கதைக்கு வேண்டாம், விடு. ஒரே மக, செண்பகம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மலை மேல கரடிப்பாறைன்னு ஒரு ஊரு, அந்த ஊர்ப் பையனை யார்கிட்டயும் சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா. வடிவு என்ன பண்ணா தெரியுமா? "இந்தப் படி ஏறாதே"ன்னு கதவைச் சாத்திட்டா. டமார்! பொண்ணும் ரோஷக்காரி. திரும்பிப் பாக்காம மலைக்குப் போயிட்டா. அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

அப்புறம் ஒருநாள் மலையிலேருந்து தேன் விக்க வந்த ஆளு ஒரு சேதி சொன்னாரு.

"செண்பகத்துக்கு ஏழு மாசம்மா. அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளி வளைகாப்பு. பொறந்த வீட்டு வளையல் வரணும்னு அவ மாமியா சொல்லச் சொன்னாங்க."

"செண்பகம் என்ன சொன்னா?"

"எங்கம்மா வராது, பிளாஸ்டிக் வளையலே போதும்னு சொல்லுச்சு."

வடிவு யோசிச்சா. ஊர்ல இருக்கிற புள்ளத்தாச்சிக்கெல்லாம் வளையல் போடுறவ, தன் பொண்ணு கையில பிளாஸ்டிக்கா? அன்னைக்கு மட்டும் கண்ணாடி வளையலோட போயி நிக்கலேன்னா, அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போறது? பொண்ணு போனது போனதுதான். வடிவுக்கு அது நல்லாத் தெரிஞ்சுபோச்சு.

ஆனா எப்படிப் போறது? மழையில ஜீப் ரோட்டைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. மிச்சம் இருந்தது ஒரு ஒத்தையடிப் பாதை, பதினாறு மைல். நடுவுல ஓடை மேல ரெண்டு பலகை போட்ட பாலம், மோட்டார் பைக் கனம் அது தாங்காது. நடந்து போகலாம்னா வடிவுக்கு முட்டி தேய்மானம். மிதிச்சா வலிக்காது, நடந்தா வலிக்கும், அப்படி ஒரு முட்டி.

"ம்."

அப்போ அவ லாசர் கடைக்குப் போனா. லாசருக்கு சைக்கிள் கடையும் உண்டு, வெல்டிங் பட்டறையும் உண்டு. கெட்டிக்காரன்தான், வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

"தம்பி, மலை ஏறுற மாதிரி ஒரு சைக்கிள் கட்டித் தர்றியா? அறுபது டஜன் வளையல் ஏத்தணும். ஒண்ணுகூட உடையக் கூடாது. உடஞ்ச வளையலோட நான் அந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது."

"அக்கா, நான் கட்டினா ஆகாசத்துக்கே ஓட்டிக்கிட்டுப் போகலாம்."

"ஆகாசத்துல எனக்கு ஜோலி இல்ல. கரடிப்பாறைக்குப் போனாப் போதும்."

அப்புறம் லாசரு வேலையை ஆரம்பிச்சான். வடிவைச் செவுத்தோட நிக்க வச்சு கால் நீளம், கை நீளம் எல்லாம் டேப்பு வச்சு எடுத்தான். கரக் கரக்னு குழாயை அறுத்தான். சிர்ர்ர்னு பத்த வச்சான், பொறி பறந்துச்சு. சேலை கட்டி ஏறணும்ல, அதுக்காக நடுக்குழாயை நல்லாச் சரிச்சு வச்சான். முன்னாடி பல்சக்கரம் சின்னது, பின்னாடி சோத்துத் தட்டு அகலத்துக்குப் பெருசு. மெதுவாத்தான் போகும், ஆனா எந்த மேட்டையும் ஏறிடும். வண்டியோட பின்பக்கத்தை ஒரு சாண் நீளமா விட்டு, ரெண்டு பக்கமும் தகரப் பெட்டி மாட்டினான், மிதிக்கும்போது குதிகால் பெட்டியில இடிக்காது பாரு. டயர் ஒவ்வொண்ணும் என் கை மொத்தம். கடைசியா பம்பை எடுத்து, புஸ்க் புஸ்க் புஸ்க்னு காத்தடிச்சு, கட்டை விரலால அமுக்கிப் பார்த்தான். கல்லு! "டயர்னா இப்படி இருக்கணும்க்கா"ன்னான்.

அப்போ மொத தடவை ஓட்டிப் பார்க்கப் போனா. ஆத்து மணல்ல இறக்கினா. பத்தடி போயிருக்க மாட்டா, சதக்! சக்கரம் பொதைஞ்சு, வடிவு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். வாயெல்லாம் மணல். "நீங்க மிதிச்ச வேகம் பத்தலக்கா"ன்னான் லாசரு. இன்னும் பத்து பம்பு காத்தடிச்சான், புஸ்க் புஸ்க்.

ரெண்டாவது தடவை, விலை போகாத பழைய வளையல் கொஞ்சம் பெட்டியில வச்சு, கல்லுப் பாதையில ஓட்டினா. கடகடகடகட! பெட்டிக்குள்ள கிணுங் கிணுங் கிணுங். திரும்பி வந்து திறந்து பார்த்தா, பாதி வளையல் தூளு. "நீங்க அடுக்குனது சரியில்லக்கா"ன்னான். எதைச் சொன்னாலும் அவன் மேல தப்பு வராது, அப்படி ஒரு பிறவி. இன்னும் பத்து பம்பு.

வடிவு அழல. சண்டையும் போடல. வெள்ளிக்கு நாலு நாள்தான் இருந்துச்சு, மறுபடியும் பெட்டியை அடுக்க உக்காந்துட்டா.

மூணாவது தடவை வைக்கோல் வச்சு அடுக்கிக்கிட்டுப் போனா. வைக்கோலுக்குள்ளயும் அதே கிணுங் கிணுங். போச்சு, இதுவும் போச்சுன்னு பாதி வழியிலயே வண்டியைத் திருப்பினா. திரும்பி வர்ற வழியில, கேளு, ஒரு எடத்துல சத்தம் நின்னு போச்சு. அதே கல்லு. அதே பாதை. பெட்டி மட்டும் கம்முனு இருக்கு. மொத்தமும் உடஞ்சு மாவாயிடுச்சுன்னு நெனச்சா. இறங்கித் திறந்தா, போகும்போது உடஞ்சது அஞ்சாறு. மத்ததெல்லாம் முழுசா இருக்கு. அப்புறம் குனிஞ்சு பின்னாடி டயரைப் பார்த்தா, ஒரு வேலாமுள்ளு. காத்து கொஞ்சங் கொஞ்சமா இறங்கி டயரு தொளதொளன்னு கிடக்கு.

நீ என்ன சொல்லுவே? ஐயோ பஞ்சருன்னு சொல்லுவே. வடிவு காது வளையல்காரி காது. அவ சொல்லல.

"…ம்."

நேரா கடைக்கு வந்து, "லாசரு, முள்ளை எடுத்து ஒட்டு. அப்புறம் பாதிக் காத்து அடி"ன்னா.

"பாதிக் காத்தா? என் கடையிலேருந்து தொளதொளன்னு ஒரு சைக்கிள் போனா ஊரே சிரிக்கும்க்கா!"

"சிரிக்கட்டும். நீ ஏறி ஓட்டிப் பாரு."

முணுமுணுத்துக்கிட்டே ஒட்டினான். பாதிக் காத்தோட ஏறி, வளையல் பெட்டியோட கல்லுப் பாதையில போனான். வாய் ஓயாதவன் போனது தெரியும், வந்தது தெரியாது, அப்படி அமைதியா வந்து இறங்கினான். பெட்டியைத் திறந்து பார்த்தான். மூடினான்.

"அப்போ இருபது வருஷமா இந்த ஊருக்கே நான் தப்பாவா காத்தடிச்சிருக்கேன்?"

"தார் ரோட்டுக்கு நீ அடிச்சது சரிதான் தம்பி. கல்லுக்கு இது வேணும்."

அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து காத்தைக் கொஞ்சம் இறக்குறதும் ஓட்டிப் பார்க்குறதும் கொஞ்சம் ஏத்துறதும்தான் வேலை. கட்டை விரலால அமுக்கினா பழுத்த கொய்யா மாதிரி இருக்கணும், அதுதான் கணக்குன்னு முடிவு பண்ணாங்க.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் வடிவு கிளம்பிட்டா. மணல் வந்துச்சு, டயரு அகலமாப் பரந்து சரசரன்னு மேலேயே போயிடுச்சு. பாலம் வந்துச்சு, இறங்கி மெல்லத் தள்ளினா, பலகை கிரீச்சுன்னுச்சு, ஆனா தாங்கிடுச்சு. அப்புறம் மலை. காலு சுத்துது சுத்துது, சைக்கிள் ஆமையா நகருது. கீழே கடகட கடகட. பெட்டியில சத்தமே இல்ல. வடிவு மட்டும் மூச்சு வாங்கிக்கிட்டு, "போயிடணும், போயிடணும்"னு சொல்லிக்கிட்டே மிதிச்சா.

உச்சி நேரத்துக்குக் கரடிப்பாறை போயிட்டா. பந்தல்ல பொம்பளைங்க கூட்டம். செண்பகம் மணையில உக்காந்திருக்கா, கண்ணு செவந்து கிடக்கு. தட்டுல பிளாஸ்டிக் வளையல். அதுல ஒண்ணைப் போட்டுப் பார்த்து, விரல் முட்டியிலேயே நின்னு, கழட்டி வச்சிருக்காங்க. புள்ளத்தாச்சி கை வீங்கியிருக்கு, எதுவும் ஏறல.

"வாங்க சம்பந்தி"ன்னு மாமியா எந்திரிச்சாங்க. செண்பகம் எந்திரிக்கல. தலையையும் தூக்கல.

வடிவு பெட்டியைத் திறந்தா. அறுபது டஜனும் முழுசா பளபளன்னு இருந்துச்சு. மக முன்னாடி முட்டியை மடக்கி, வலியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தா. அப்புறம் செண்பகம், பாக்காமலே, ஒரு கையை மட்டும் நீட்டினா.

வடிவு ஒரு பச்சை வளையலை எடுத்தா. விரலைச் சேர்த்துப் புடிச்சு மெல்ல உருட்டினா. வழுக்கிக்கிட்டு ஏறிடுச்சு. ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணுகூட இறுக்கல, ஒண்ணுகூடத் தொளதொளக்கல. அளந்து செஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் செண்பகம் தலையைத் தூக்கினா.

"நீ என்னைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ என் கை அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ வயித்துல இருந்தப்போ என் கை இந்த அளவுக்குத்தாண்டி வீங்குச்சு."

செண்பகம் இன்னொரு கையையும் நீட்டினா.

அவ்வளவுதான். ம் சொல்லு. என்ன, சத்தத்தையே காணோம்? சரி சரி, கதை மலையேறிடுச்சு, நீயும் கண்ணை மூடித் தூங்கு.