கண்டக்டர் சாமியின் ஒரே இங்கிலீஷ் வார்த்தை

"சாமி, நான் கிளம்புறேன்," என்றான் திருமேனி.

கையில் துணிமூட்டை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கே?"

"எங்கேயோ. அந்த வார்த்தை காதில விழாத இடத்துக்கு."

"எந்த வார்த்தை?"

"நீங்க என்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கிற வார்த்தை. அந்த மனுஷன்கிட்ட மட்டும் சொல்லாத வார்த்தை."

சாமி மறுபடி குனிந்து இன்னொரு காலையும் கழுவத் தொடங்கினார்.

சாமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். துறவியாவதற்கு முன்னால் அவர் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நாளாவட்டத்தில் அது ஒரு சின்ன மடமாகிவிட்டது. வீடு வாசல், சொந்தபந்தம், கால் செருப்பு வரைக்கும் எல்லாவற்றையும் விட்டவர்தான். ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் அவரை விடாமல் கூடவே வந்துவிட்டது.

அட்ஜஸ்ட்.

பஜனையில் மைக் கூவினால், "அட்ஜஸ்ட் பண்ணு." சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால், "ரெண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு அட்ஜஸ்ட் பண்ணு." சுவர்க் கடிகாரம் அதன் இஷ்டத்துக்கு ஓடினால் அதற்கும் அதேதான். மருமகளைத் திருத்த வழி கேட்டு வந்த ஒரு மாமியாரிடம், "நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றார். அந்த அம்மா அப்புறம் மடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மடத்துக்குக் கரண்ட் இழுக்க வந்தவன் தலையைச் சொறிந்தான்.

"சாமி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினா வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்."

"என் சரக்கை என்கிட்டயே விக்கிறியாடா," என்று சாமி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தாரே தவிர கை நீட்டி எதுவும் கொடுக்கவில்லை. கொஞ்ச காலம் எல்லோரும் அகல்விளக்கில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்கள்.

அதே பஸ்ஸுக்கு டிரைவர்தான் திருமேனி. சாமிக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கண்டக்டர் விசில் கொடுத்தால் வண்டியை எடுப்பான், விசில் கொடுத்தால் நிறுத்துவான். அந்தப் பழக்கத்தில் கண்டக்டர் சாமியானதும் பின்னாலேயே வந்து முதல் சீடனாகிவிட்டான்.

ஒன்று கவனிக்க வேண்டும். பஸ்ஸில் எல்லோரையும் நெருங்கி உட்காரச் சொல்லலாம். டிரைவர் சீட்டில் போய் யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

மடத்திலும் திருமேனிக்கு அப்படி ஒரு சீட் இருந்தது. பந்தியில் சாமிக்கு வலது பக்கத்து இலை அவனுடையது. எத்தனை பேர் வந்தாலும் போனாலும் அந்த இலைக்கு ஆட்டமில்லை. சபேசன் வரும்வரை.

சபேசன் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு, ஒரு தோள்பையோடு மடத்துக்கு வந்தார். பாருங்கள், கதை சொல்கிற நானே அவரை 'வந்தார்' என்கிறேன், திருமேனியை 'வந்தான்' என்கிறேன். அவனுக்கு எரியாமல் என்ன செய்யும்?

முதல் நாள் பந்தியிலேயே ஆரம்பித்தது.

"வாங்க சார், இப்படி உட்காருங்க," என்று சாமி தன் வலது பக்கத்தைக் காட்டினார். பிறகு திரும்பி, "திருமேனி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

திருமேனி இலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். ஒருநாள்தானே என்று நினைத்தான். அந்த இலை திரும்பி வரவில்லை.

அடுத்து அறை போனது.

"சாருக்குக் காத்து வேணும். நீ நெல்லு மூட்டை இருக்கிற அறையில அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அங்கே எலி இருந்தது. திருமேனி எலியோடும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டான். ஆனால் சாயங்காலம் சாமி உலாவப் போகும்போது கூடவே சொம்பை எடுத்துப் போகிற வேலையும் ஒருநாள் சபேசனிடம் போனது. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மலைப்பாதையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு மாட்டுக்குத் தவிடு கலக்கினான். கலக்கிக்கொண்டே இருந்தான். மாடு காத்திருந்து பார்த்துவிட்டுக் கத்தியது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த வார்த்தையில்? பொறுக்க முடியாமல், கேட்கக்கூடாதவரிடமே போய்க் கேட்டுவிட்டான்.

"சார், அட்ஜஸ்ட்டுன்னா இங்கிலீஷ்ல என்ன அர்த்தம்?"

சபேசன் யோசித்தார். "சரியா பொருந்துற மாதிரி கொஞ்சம் மாத்தி வைக்கிறது. மூக்குக்கண்ணாடியைச் சொல்லலாம், மெஷினைச் சொல்லலாம். நம்ம ஊர்லதான் அதை வச்சுக்கிட்டு என்னென்னவோ பண்ணிட்டோம். நெருங்கி உட்காருங்கறதுக்கும் அதுதான், பொறுத்துக்கோங்கறதுக்கும் அதுதான். லஞ்சத்துக்கும் அதுதான். இல்லாததை வச்சு ஒப்பேத்துறதுக்கும் அதேதான். இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன், இதெல்லாம் எந்தப் புத்தகத்திலயும் இல்லை."

"நான் நெல்லு மூட்டை மேல படுத்திருக்கேனே, அது இதுல எது?"

சபேசனுக்குச் சங்கடமாகிவிட்டது. "என்கிட்ட சாமி ஒருநாள்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை," என்றார்.

சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. திருமேனிக்கு அதெல்லாம் கேட்கவில்லை. பெருமையடிக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டான். அன்று முழுக்க மூட்டை கட்டினான். கட்டுவதற்கு இருந்தது இரண்டு வேட்டியும் ஒரு துண்டும்தான்.

அந்த மூட்டையோடுதான் இப்போது கிணற்றடியில் நிற்கிறான்.

சாமி கால் கழுவி முடித்தார். துண்டில் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு என்ன வேணும்?"

"என் இலை வேணும்."

"அவ்வளவுதானா?"

"உங்க வலது பக்கம். யாரு வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன். அதுக்கு நீங்க சம்மதிச்சா இருக்கேன். இல்லைன்னா உத்தரவு கொடுங்க."

சாமி அவனைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"உத்தரவு," என்றார். "ஆனா பந்தி போடுற நேரம். சாப்பிட்டுட்டுப் போகலாம், வாங்க."

'வாங்க' என்று சொன்னது திருமேனிக்கு என்னவோ போல இருந்தது. வாய் தவறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். சாமி உட்கார்ந்து, தன் வலது பக்கத்தைக் கையால் தட்டினார்.

"இப்படி உட்காருங்க."

சபேசன் இடது பக்கம் போய் உட்கார்ந்தார்.

திருமேனி தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். எத்தனை நாள் ஏங்கிய இடம். மூட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். மனசுக்குள் ஒரு குதிப்பு இருக்கத்தான் செய்தது. எதிர்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணால் பார்த்தான்.

சாமியே எழுந்து அவன் இலையில் பருப்பு வைத்தார். நெய் விட்டார்.

"உங்களுக்கு எங்க சாப்பாடு ஒத்துக்குமோ என்னமோ," என்றார். "காரம் ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க."

அன்றைய சாம்பாரைக் காலையில் கூட்டிவைத்ததே திருமேனிதான்.

"அறையெல்லாம் வசதியா இருந்ததா? எதாவது குறை இருந்தா மனசில வச்சுக்காதீங்க."

திருமேனி பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மலைக்கு வந்த கூட்டம். குழந்தைகளும் பொம்பளைகளுமாகப் பசியோடு கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். இலை போட இடமில்லை.

திருமேனியின் கை தானாகவே இலையின் ஓரத்தைப் பிடித்தது. உடம்பு பாதி எழுந்துவிட்டது.

"நீங்க உட்காருங்க," என்று சாமி அவன் தோளை மெல்ல அமுக்கினார். "நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? விருந்தாளியா வந்தவங்களைப் போய் எந்திரிக்கச் சொல்றது மரியாதையா?"

பிறகு இடது பக்கம் திரும்பினார்.

"சபேசா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

கூடத்தில் எத்தனையோ சத்தம். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. திருமேனிக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் கேட்டது. அது தன்னைத் தாண்டி இன்னொருவரிடம் போனதும் கேட்டது.

சபேசனின் முகத்தைப் பார்த்தான். அந்த மனுஷன் கண் கலங்கிப்போய், சிரிப்பும் வந்து, எதை முதலில் செய்வதென்று தெரியாமல் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டை ஆரம்பிக்கவே இல்லை. எழுந்து ஓடிப் போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கினார். வேட்டியைச் சரியாக மடித்துக் கட்டக்கூட அவருக்குத் தெரியவில்லை.

"சார்வாளுக்கு இன்னும் கொஞ்சம் சாதம்," என்று சாமி திருமேனியின் இலையைக் காட்டிச் சொன்னார்.

அதற்குமேல் திருமேனியால் உட்கார முடியவில்லை.

எழுந்தான். இலையைத் தாண்டினான், மூட்டையைத் தாண்டினான், இரண்டு குழந்தைகளையும் தாண்டிப் போய் வாளியின் பிடியைப் பற்றினான்.

"விடுங்க சார்," என்றான். "இது என் வேலை."

சபேசன் விடவில்லை. வாளியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"முடியாதுய்யா," என்றார். "சாமி என்கிட்டதான் சொன்னார்."