தலை மேற்கே, கால் கிழக்கே

“எத்தனை நாள்தாம்லே காத்திருக்கது?” என்று கேட்டார் வேதமாணிக்கம் சார்.

பாஸ்டர்கள் மூன்று பேரிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று. மூன்று பேரும் ஆளுக்கொரு வசனம் சொல்லித் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது கேட்டது கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்த ஏனோக்கிடம்.

ஏனோக்கு இடுப்பளவு குழிக்குள் நின்றான். வயது நாற்பத்தேழு. முன்பு இந்தச் சாரிடம்தான் ஐந்தாம் வகுப்பு படித்தான். ஒன்பதாம் வாய்ப்பாடு வராமல் பாதி நாள் பெஞ்சு மேலேயே நின்றான்.

“யாருக்காகச் சார் காத்திருக்கிய?”

“கர்த்தருக்குத்தாம்லே. வேற யாருக்கு?”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி வெட்டினான்.

வேதமாணிக்கம் சார் காத்திருப்பது ஊருக்கே தெரியும். வயது எழுபத்து நான்கு. விடிந்ததும் கிழக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுடன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். செருப்பு இரண்டும் வெளியே பார்த்து இருக்கும். வருஷம் பிறந்தும் புதுக் காலண்டர் வாங்கவில்லை. இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். கர்த்தர் வந்தால் எல்லாம் தெளிவாகத் தெரியப்போகிறது, நடுவில் எதற்கு டாக்டர் என்பது அவர் கட்சி.

மனைவி கிரேஸ் போய் மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. தனிமை அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு அவர் ஆயத்தம் என்று பெயர் வைத்திருந்தார்.

“வெயில்ல இதக் கேக்கவா வந்திய?” என்றான் ஏனோக்கு.

“இல்ல. ஒரு காரியம் ஆகணும். கிரேஸுக்குப் பக்கத்துல எனக்கு இடம் போட்டிருக்குல்லா?”

“ஆமா. கல்லு நட்டிருக்கே.”

“அதுக்கு அடுத்த இடத்த மாசிலாமணி கேட்டு வாங்கியிருக்கானாமே?”

“போன மாசம் வந்து கேட்டாக.”

“அவன வேற எங்கயாவது தள்ளி வை. மேற்குச் சுவர் பக்கம் வை. எங்க வேணும்னாலும் வை. என் பக்கத்துல வேண்டாம்.”

மாசிலாமணி அவருடைய தம்பி. ஒரே தம்பி. கலியாணம் செய்துகொள்ளாதவர். அப்பா வீட்டை இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பாதியில் அண்ணனும் மேற்குப் பாதியில் தம்பியும் இருந்தார்கள். நடுச் சுவரில் ஒரு கதவு உண்டு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் வேதமாணிக்கம் சார் அந்தக் கதவின் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

அதன் பிறகு பேச்சு கிடையாது. மத்தியானம் அந்தப் பக்கம் ஒரு தட்டு கழுவும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கம் ஒரு தட்டு கழுவும் சத்தம். அப்புறம் தம்பியின் இருமல். ஒரு வீட்டில் இரண்டு கிழவர்கள் இப்படி இருந்தார்கள். எனக்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“எதுக்குச் சார் தள்ளி வைக்கச் சொல்லுதிய?”

“உனக்குத் தெரியாதாலே? எங்கம்மாவ நீதான பொதச்ச?”

“நாந்தான் சார்.”

“நான் மதுரையில கன்வென்ஷன்ல இருந்தேன். சேதி வந்ததும் அப்படியே பஸ் ஏறினேன். கோவில்பட்டி தாண்டி பஸ் நின்னு போச்சு. ஓடி வந்து சேந்தா, குழிய மூடி மாலையும் போட்டாச்சு. அம்மா முகத்த நான் பாக்கல. மூத்த மவன் நான். ஒரு மணி நேரம் எனக்காகக் காத்திருக்க மாட்டானா அவன்?”

பதினாறு வருஷம் பழைய துக்கம். இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

எந்தக் கன்வென்ஷன் என்று ஏனோக்கு கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். கர்த்தருடைய இரண்டாம் வருகைக்கு ஆயத்தமாவது எப்படி என்று மூன்று நாள் கூட்டம்.

அவன் மண்வெட்டியை வெளியே கடப்பாரைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுக் குழியிலிருந்து ஏறி வந்தான். உள்ளங்கையில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணை வேட்டியில் துடைத்தான்.

“வாங்க சார், உங்க இடத்தப் பாப்போம்.”

கிரேஸின் கல்லறைக்குப் பக்கத்தில் நான்கு கற்களுக்கு நடுவே வெறும் தரை. அதற்கு அந்தப் பக்கம் புதிதாக நட்ட நான்கு கற்கள்.

“படுங்க சார்.”

“என்னது?”

“உங்க இடந்தான? படுத்துப் பாருங்க. கட்டில் வாங்கினா கடையிலயே படுத்துப் பாக்க மாட்டியளா?”

“சட்ட அழுக்காயிரும்லே.”

ஏனோக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

சுற்றிலும் ஆள் இல்லை. தேரியின் செம்மணல் மேடுகள் வெயிலில் கிடந்தன. வேதமாணிக்கம் சார் குனிந்து, முட்டி போட்டு, ஒரு கையை ஊன்றி, மெல்லப் படுத்தார்.

“தலைய மேற்க வைங்க. காலு கிழக்க.”

ஊர் வழக்கம் அதுதான். அங்கே எல்லாரும் அப்படித்தான் படுத்திருக்கிறார்கள். கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார். கடைசி நாளில் எக்காளம் கேட்டு எழுந்தால் முகம் நேராக அவரைப் பார்க்க வேண்டும்.

“என்ன சார் தெரியுது?”

“வானம்.”

“எக்காளம் ஊதியாச்சுன்னு வைங்க. எழும்புங்க.”

சார் எழுந்து உட்கார்ந்தார். அதற்கே மூச்சு வாங்கியது.

“இப்ப?”

“பனங்காடு. தேரி. அதுக்கு மேல வெளிச்சம்.”

“பக்கத்துல யாரு?”

சார் வலது பக்கம் திரும்பப் போனார்.

“திரும்பக் கூடாது சார். அவரு வந்துட்டாரு. அவர உட்டுட்டு யாராவது பக்கத்துல பாப்பாவளா? நேராப் பாருங்க. நேராப் பாத்துக்கிட்டே சொல்லுங்க, பக்கத்துல யாரு?”

சார் கிழக்கே பார்த்தபடி இருந்தார். வெயிலில் கண் கூசியது. புரை விழுந்த கண்ணில் நீர் வடிந்தது.

“தெரியல” என்றார்.

“அதத்தான் சொல்லுதேன். பக்கத்துல யாரு கிடந்தா உங்களுக்கு என்ன?”

சார் எழுந்திருக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.

“அவன் எதுக்கு இந்த இடத்தக் கேட்டானாம்?”

“நானும் கேட்டேன் சார். ‘உசிரோட இருக்கும்போது எங்கண்ணன் என்னப் பாக்க மாட்டான். எழும்புற அன்னைக்காவது பக்கத்துல கிடந்தா பாப்பாம்லா’ன்னாக.”

சார் திரும்பிப் புதுக் கற்களைப் பார்த்தார்.

“அவுகளையும் இப்படித்தான் படுக்க வச்சேன்.”

“என்ன சொன்னான்?”

“எழும்பி உக்காந்தாக. கிழக்க பாத்தாக. அப்புறம் அழுதாக சார். ‘அப்ப அன்னைக்கும் பாக்க மாட்டானாலே’ன்னு கேட்டாக.”

காற்று வந்து குழி ஓரத்து மண்ணைக் கொஞ்சம் சரித்தது. ஏனோக்கு திரும்பிப் பார்த்தான்.

“இந்தத் தேரி மண்ணு இருக்கே, வெட்டி வச்சா நிக்காது. உங்கம்மாவுக்கு வெட்டின குழிய நான் மூணு தடவ அள்ளினேன். அள்ள அள்ளச் சரியுது. ‘இன்னும் கொஞ்சம் பொறு, அண்ணன் வந்துட்டு இருக்கான், அண்ணன் வந்துட்டு இருக்கான்’னு மாசிலாமணி அண்ணாச்சி வாசலுக்கும் குழிக்கும் நடக்காக. நாலு மணிக்குச் சொன்ன அடக்கம். ஆறரை ஆயிட்டு. நாலாவது தடவ மண்ணு சரியவும் பாஸ்டர் ஐயா, இனிப் பொறுக்க முடியாதுன்னுட்டாக. பெட்டிய இறக்கும்போதுகூட அண்ணாச்சி ரோட்டத்தான் பாத்துக்கிட்டு நின்னாக.”

“இத ஏம்ப்பா பதினாறு வருஷமா எங்கிட்டச் சொல்லல?”

முதல் தடவையாக அவர் வாயில் ‘லே’க்குப் பதில் ‘ப்பா’ வந்தது.

“நீங்க கேக்கலயே சார். எல்லாருகிட்டயும் கர்த்தர் எப்ப வருவாருன்னுதான கேட்டிய.”

வேதமாணிக்கம் சார் கையை நீட்டினார். ஏனோக்கு பிடித்துத் தூக்கிவிட்டான். சட்டையின் முதுகெல்லாம் சிவப்பு மண். சார் அதைத் தட்டவில்லை.

“அந்தக் கடப்பாரையக் கொஞ்சம் தா.”

“எதுக்குச் சார்?”

“நாளைக்குத் தந்திருதேன்” என்றார். கொஞ்சம் யோசித்து, “இன்னைக்கே தந்திருதேன்” என்று மாற்றிக்கொண்டார்.

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு முதுகெல்லாம் மண்ணாக அவர் தெருவில் நடந்து போனதை நாலு பேர் பார்த்தார்கள். சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒருவர் சொன்னார்.

வீட்டில் கிழக்கு வாசல் வழக்கம்போல் திறந்தே கிடந்தது. நாற்காலியைத் தாண்டி நேரே உள்ளே போனார். நடுக் கதவின் முன்னால் நின்றார்.

ஆணிகள் துருப்பிடித்திருந்தன. கடப்பாரை முனையைப் பலகைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். முதல் ஆணி வர மாட்டேன் என்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நெம்பினார். வந்தது. மற்றவை அவ்வளவு அடம்பிடிக்கவில்லை. பலகை தரையில் விழுந்தது.

அந்தப் பக்கம் இருமல் நின்றது.

வேதமாணிக்கம் சாருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

“யாரு?” என்று தம்பியின் குரல் கேட்டது.

“நாந்தாண்டே” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “பஸ்ஸு லேட்டாயிட்டு.”

அவர் கதவில் கை வைத்தபடி நின்றார்.

“நீ அங்கேருந்து தாப்பாளத் தொறக்கணும் தம்பி” என்றார்.

“நீ தள்ளுண்ணே” என்றது குரல். “இந்தப் பக்கம் நான் தாப்பாளே போடல.”