பின்னறைப் பூரான்கள்

முதலில் பள்ளிக்கூடம். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தனக்கு மட்டும் ஏன் தனிக் குவளை என்று கேட்டதற்காகச் செம்புலிங்கத்தை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்தது பஞ்சாலை. வேலைநிறுத்த மேடையில் ஏறிப் பேசினார் என்று கேட்டிலேயே மறித்துக் கணக்கு முடித்தார்கள். விசாரணை கிடையாது. அதற்கும் அடுத்தது அவரே கொடிபிடித்து வளர்த்த சங்கம். தலைவர் வீட்டுக்கு மாடி எப்படி வந்தது என்று கேட்டார். அவர் வராத கூட்டமாகப் பார்த்து அவரை நீக்கித் தீர்மானம் போட்டார்கள். அதற்கும் விசாரணை கிடையாது. கடைசியில் மகன். சம்பந்தி வீட்டார் வருகிற அன்று மட்டும் அப்பா வேறெங்காவது இருந்தால் நல்லது என்றான். போனவர் திரும்பவில்லை.

இந்த வரிசையை அவர் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. யாராவது நடுவில் குறுக்கிட்டால் மறுபடியும் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவார்.

மலையடிவாரத்துக் கஞ்சி மடத்துக்கு வந்த அன்றும் அப்படித்தான் சொன்னார். மடத்தை நடத்தும் தவமணி அம்மா அவரைவிட வயதில் நன்றாக இளையவர். முழுவதையும் கேட்டார்.

“கோபம் இல்லாம இருக்கக் கத்துக்கணும், அதுக்குத்தான் வந்தேன்” என்றார் செம்புலிங்கம்.

“கோபம் கெடக்கட்டும். சாப்பிட்டீங்களா, தோழர்?” என்றார் அம்மா.

அன்றிலிருந்து மடத்தில் எல்லோருக்கும் அவர் தோழர்தான். முதலில் கேலியாக அழைத்தார்கள், பிறகு அதுவே பழகிவிட்டது.

அவருக்கு ஒதுக்கியது பின்னறை. ஒரு பாதியில் கஞ்சிக்கான அரிசி மூட்டைகள், மறுபாதியில் அவருடைய கட்டில். சுவரோரம் எப்போதும் ஈரம். அங்கே பூரான்கள் இருந்தன. ஒரு நாள் விடியலில் செருப்புக்குள் காலை விட்டார். உள்ளே படுத்திருந்த பூரான் கொட்டியது. சமையல்காரி பேச்சி சுண்ணாம்பைத் தடவிவிட்டுச் சிரித்தாள். பூரானுக்கு ஆள் தெரியுது தோழர், தன் இனம் எதுன்னு பாத்துத்தான் முத்தம் கொடுத்திருக்கு என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசையில் ஐந்தாவதாக இதையும் சேர்த்துக்கொண்டார். ஊரில் எவனுக்கும் ஆகாத அறையைத்தானே நமக்குக் கொடுப்பார்கள் என்று வீங்கிய காலோடு அம்மாவிடம் போனார்.

“பூச்சி மருந்து வாங்கப் போறேன். ஒண்ணு விடாம ஒழிச்சுக்கட்டணும். உத்தரவு கொடுங்க.”

“வாங்க, அறையைப் பாப்போம்” என்று அம்மா எழுந்தார்.

கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. மைதாவைக் காய்ச்சிய பசை. எங்கே போனாலும் செம்புலிங்கம் முதலில் கேட்டு வாங்குவது அடுப்பும் மைதாவும்தான். என்றைக்குச் சுவரொட்டி ஒட்ட வேண்டிவரும் என்று யார் கண்டது? மடத்தில் ஒட்ட ஒன்றும் இல்லாதபோதும் பசை தயாராக இருந்தது. வாளிக்கு மூடி போடும் வழக்கம் அவரிடம் இல்லை. சங்க அலுவலகத்தில் பசை மிஞ்சினால்தானே மூடி வேண்டும்?

அம்மா வாளியை நகர்த்தினார். வாளிக்குப் பின்னால் இருந்து கரப்பான் பூச்சிகள் நாலாபக்கமும் ஓடின. சில அரிசி மூட்டைகளின் இடுக்கில் நுழைந்தன.

“இவங்களைக் கூப்பிட்டது யாரு?”

செம்புலிங்கம் வாளியைப் பார்த்தார்.

“நான்தான்.”

“பூரானைக் கூப்பிட்டது?”

கரப்பான்தான் கூப்பிட்டிருக்கும் என்று முனகினார். ஆனாலும் விடவில்லை. கொட்டுகிற ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படிக் குடியிருப்பது, தனக்கே இப்படியென்றால் நாளைக்குக் கஞ்சிக்கு வரும் குழந்தைகளைக் கொட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். குழந்தைகள் பின்னறைப் பக்கம் வராதபடி அன்றைக்கே கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னார் அம்மா.

பிறகு வாசலில் நின்று திரும்பினார்.

“மருந்து வாங்குறது உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க தோழர். விசாரணை முடிஞ்சுதா?”

அதற்குப் பிறகு செம்புலிங்கம் கடைக்குப் போகவில்லை.

வாளிக்கு மூடி போட்டார். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுவில் போட்டார். போர்வை தரையில் தொங்காதபடி சுருட்டி வைத்தார். செருப்பைத் தட்டிவிட்டுத்தான் கால் விட்டார். ஒரு மழைநாள் பகலில் சும்மா படுத்திருந்தபோது, மூட்டை இடுக்கிலிருந்து ஒரு பூரான் கரப்பானை வளைத்துப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தார். அத்தனை கால்களும் ஒரே கட்டுக்கோப்பில் நகர்ந்தன. இப்படி ஓர் ஊர்வலத்தை நாம் ஒருநாளும் நடத்தியதில்லையே என்று நினைத்தார். நாளாக ஆகக் கரப்பான் நடமாட்டம் குறைந்தது. தின்ன ஏதும் கிடைக்காமல் பூரான்களும் குறைந்தன. மிஞ்சியவை சுவரோரமாகப் போய்வந்தன. அவர் அறையின் நடுவில் இருந்துகொண்டார். இரண்டு தரப்பும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடவில்லை.

மூட்டைகளோடு மூட்டையாகக் குடியிருந்ததால்தான் அடுத்ததும் அவர் கண்ணில் பட்டது. ரைஸ்மில் ரெங்கராசு மடத்துக்கு அனுப்பும் அரிசியில், மேல் மூட்டை மட்டும் நல்ல அரிசி. அடியில் கிடந்தவை பூஞ்சை பிடித்துக் கட்டி தட்டியிருந்தன. கஞ்சி குடித்த பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தது தண்ணீரால் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். செம்புலிங்கம் அம்மாவிடம் சொன்னார். அடி மூட்டைகளை அன்றே குழி வெட்டிப் புதைத்தார்கள். அதோடு நிற்க அவரால் முடியவில்லை. வாளியைத் திறந்தார். விடிந்தபோது ரைஸ்மில் சுவர் முழுக்கச் சிவப்பு எழுத்தில் சுவரொட்டிகள்: ‘தர்மத்துக்கு அனுப்புவது மனிதன் தின்னும் அரிசியா?’

ரெங்கராசு காரில் வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் இருவரைக் கூடவே அழைத்து வந்திருந்தார். என் அரிசியைத் தின்றுவிட்டு என்னையே கொட்டுகிறான், போன இடமெல்லாம் இவனை விரட்டியது சும்மாவா என்று கத்தினார்.

“அவன் இருந்தா அரிசி வராது தாயி. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

அம்மா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

முடிவு தெரிகிற நாள் தூரத்தில் இல்லை. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தைப்பூசத்தன்று காலையில், ஊர் கூடியிருக்க, வருகிற ஆண்டு மடத்தில் இருக்கப்போகிறவர்களின் பெயரையும் அவரவர் வேலையையும் அம்மா உரக்கச் சொல்வார். கையில் தாள் இருக்காது. ஊரார்தான் சாட்சி. பெயர் வராதவர் மறுபேச்சுப் பேசாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

செம்புலிங்கம் முன்கூட்டியே மூட்டையைக் கட்டிவிட்டார். பேச்சி அதைப் பார்த்துவிட்டு, வாளியையும் எடுத்துட்டுப் போவீங்களா தோழர் என்று கேட்டாள். வாளி மடத்துடையது என்றார் அவர். பள்ளிக்கூடம், பஞ்சாலை, சங்கம், மகன் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். பூரானை எப்போதோ வரிசையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். மடம் என்று அதோடு சேர்க்க நாக்கு எழவில்லை. இங்கிருந்து மட்டும்தான் போகப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

பூசத்தன்று முற்றம் நிறைந்திருந்தது. ரெங்கராசு முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் அவருடைய வண்டி, மேலே அரிசி மூட்டைகள், இன்னும் இறக்கவில்லை. செம்புலிங்கம் கடைசியில், கதவோரம், மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா தொடங்கினார். அடுப்புக்குப் பேச்சி. தோட்டத்துக்கு இருளப்பன். மாட்டுக்கு ஆவுடையம்மாள். கிணற்றடிக்கு, விளக்குக்கு, வாசலுக்கு என்று ஒவ்வொரு பெயராக வந்தது. பெயர் வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். எல்லா வேலையும் தீர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. செம்புலிங்கம் குனிந்து மூட்டையின் முடிச்சைப் பிடித்தார்.

ரெங்கராசு எழுந்தார்.

“அவ்வளவுதானே தாயி? மூட்டையை இறக்கச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க. இறக்குறப்போ பிரிச்சுப் பாக்க ஆள் வேணுமில்ல” என்றார் அம்மா.

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

“அரிசி அறைக்கு, செம்புலிங்கம்.”