கருத்தமுத்து கூப்பிட்ட குரல்

மழை எட்டிப் பாத்துட்டுப் போயிடுற ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல கருத்தமுத்துன்னு ஒரு கெழவன், வேலாயின்னு ஒரு கெழவி. ஒத்தப் பொண்ணு செம்பாயிய அடுத்த ஊர்ல கட்டிக் குடுத்துட்டு, ஆடுகளையே புள்ளைகளா நெனச்சு இருந்தாங்களாம்.

அப்ப ஒரு பவுசுக்காரன் வந்தான். தலையில பட்டு உருமால், வாயி நெறைய வெத்தல. "மலைமேல எனக்குக் காடு இருக்கு, அங்க மேஞ்சா ரெட்டைக் குட்டிதான். ஆட்ட எங்கிட்ட வாரத்துக்கு விடுங்க, ஒண்ணு விட்டா ரெண்டா தாறேன்"னான். வாரம்னா தெரியுமில்ல? நம்ம ஆட்ட இன்னொருத்தன் மேய்ப்பான், பொறக்குற குட்டியில ஆளுக்குப் பாதி.

கெழவன் முதல்ல ஒண்ணே ஒண்ணு விட்டுப் பாத்தான். ரெண்டா வந்துச்சு. வேற ஊர்க்காரன் ஆட்டத்தான் அவன் இங்க தள்ளிவிட்டது, அது கெழவனுக்கு எங்க தெரியும்? "பேத்தி காதுகுத்துக்குச் சீரா ஒரு மந்தையவே ஓட்டிட்டுப் போவோம்டி"ன்னு மொத்தத்தையும் விட்டுட்டான். ஆசை யாரை விட்டுச்சு, சொல்லுங்க.

தையில கேட்டா மாசிங்கிறான், மாசியில கேட்டா பங்குனிங்கிறான், பங்குனியில கேட்டா புலி அடிச்சிருச்சுங்கிறான். "வெளிய சொன்னா ஊரு உங்களப் பாத்துத்தான் சிரிக்கும்"னு வேற சொல்லிட்டான். அன்னைக்கு வாய மூடின கெழவன், சோத்துக்கும் தெறக்கல.

காதுகுத்துக்குச் சொல்ல வந்த செம்பாயி காலிப் பட்டியப் பாத்தா. "நான்தான் ஆசப்பட்டேன் தாயி, அப்பன ஏசாத"ன்னு நடந்ததச் சொல்லி வேலாயி அழுதா. செம்பாயி ஏன் குடுத்தீங்கன்னே கேக்கல. கூழக் கரைச்சு அப்பன் கையில குடுத்து, பக்கத்துல உக்காந்தா. அப்பறந்தான் கெழவன் பேசுனான்.

"சீருக்கு ஒரு குட்டிகூட இல்ல தாயி. வெளிய சொல்லிராத."

"திருடன் கதவ ஒடைச்சிருந்தா சொல்லியிருப்பீல்ல? இவன் பேசியே ஒடைச்சிட்டான். அம்புட்டுத்தான்ப்பா."

கெழவன் மக கையப் புடிச்சு ஊர்க் கெணத்தடிக்குப் போனான். போயி, "நான் ஏமாந்துட்டேம்ப்பா"ன்னான். ஒருத்தரும் சிரிக்கல. "நானுந்தாண்ணே"ன்னு ஒருத்தன். "நானுந்தான் மாமா"ன்னு இன்னொருத்தன். "எம் மகனுக்குக்கூடத் தெரியாதுய்யா"ன்னு ஒரு கெழவி. ஒவ்வொரு வீடும் தான் மட்டுந்தான் ஏமாந்ததா நெனச்சு அழுதிருக்கு பாருங்க.

எல்லாரும் சேந்து ராசாகிட்டப் போனாங்க. ராசா ஆள விட்டாரு, சந்தையில ஆடு வித்துட்டிருந்த பவுசுக்காரன மந்தையோட புடிச்சுட்டு வந்தாங்க. அவன் அசரல. "காதப் பாருங்க ராசா, எல்லாத்துலயும் என் வெட்டு"ன்னான். சொந்தக்காரங்க காதுல வெட்டியிருந்த பழைய அடையாளத்து மேலயே வெட்டி வச்சிருக்கான், பாவி.

ராசா முழிச்சாரு. செம்பாயி சொன்னா, "அவரு ஆடுன்னா அவரு கூப்பிடட்டும் ராசா."

பவுசுக்காரன் கெஞ்சிக் கூப்பிட்டான், அதட்டிக் கூப்பிட்டான், தழையக் காட்டிக் கூப்பிட்டான். ஆடுக அசை போட்டுட்டு நின்னுச்சு.

"அப்பா, நீ கூப்பிடு."

"என்ன மறந்திருக்கும் தாயி. நாந்தான அதுகள ஓட்டிவிட்டேன்."

"வரலன்னா நம்ம வீட்டுக்குப் போவோம். நான் இருக்கேன்."

கெழவன் தொண்டையச் செருமிட்டு, "பா… பா… பா"ன்னான். பாதிக் கொரல்தான் வந்துச்சு. அதுக்கே ஆடுக முண்டியடிச்சு ஓடிவந்து அவன் வேட்டிய இழுத்துச்சு, கைய நக்குச்சு. வெட்டுப்பட்ட காதத் தடவித் தடவி கெழவன் அழுதான், பாத்த ராசாவும் அழுதாரு. அப்பறம் ஊரே ஆளாளுக்குக் கூப்பிட்டுச்சு. எல்லாம் வரல, கொஞ்சம் முன்னாடியே வித்துப்போச்சு.

வித்த ஆட்டுக்கு ஈடா குட்டி பொறந்து தீர்ற வரைக்கும் பவுசுக்காரன் அந்த ஊரு ஆட்ட மேய்க்கணும்னு ராசா தீர்ப்பு சொன்னாரு. அவன நம்ப முடியுமா? அதனால அவன் கழுத்துல மணி கட்டிவிட்டாரு. எங்க நின்னாலும் கணகணன்னு கேக்கும்.

கருத்தமுத்து ஒரு குட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு, வேலாயியக் கூட்டிக்கிட்டுப் பேத்தி காதுகுத்துக்குப் போனான். ஒரு குட்டிதான். செம்பாயி வாசல்ல நின்னு ரெண்டு பேருக்கும் கால் கழுவத் தண்ணி குடுத்தா.

ஏமாத்துனவன் தலைதான் குனியணும் கண்ணுகளா, ஏமாந்தவுக தலை இல்ல. ஆடு பட்டியில, கதை உங்க மடியில. கண்ண மூடுங்க.